மரக்காணக் கரையும் யவனர் மதுச் சாடியும்



உப்பு விளையும் நிலத்தில் கொடிமுந்திரி தழைப்பதில்லை. மண்ணில் உப்பு மிகுந்தால் வேரால் நீரை உறிஞ்ச இயலாது. இலையின் ஓரம் கருகும். காய் பிடித்தாலும் பருக்காது. மரக்காணத்தைச் சூழ்ந்துள்ள உப்பளங்களைக் கண்டவர் எவரும் அங்கே ஒரு திராட்சைத் தோட்டத்தைக் கற்பனை செய்யவும் துணியார். கண்ணுக்கெட்டிய மட்டும் பாத்திகள், பாத்திகளில் வெயில், ஓரங்களில் வெள்ளைக் குவியல்கள், அப்பால் பனைகள். இவ்வளவுதான் அந்நிலத்தின் தோற்றம். இருந்தும், திராட்சை மதுவின் வரலாற்றை நான் அந்த உப்பங்கரையிலிருந்தே தொடங்க விரும்புகிறேன். ஒரு பொருள் விளைந்த இடத்தை அறிவது வரலாற்றில் ஒரு பாதி. அது போய்ச் சேர்ந்த இடத்தை அறிவது மறுபாதி அன்றோ?

மரக்காணம் சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வடக்கே ஆந்திர நாட்டிலிருந்து கரையோரமாகவே வரும் பக்கிங்காம் கால்வாய் இவ்வூர்ப் பக்கத்தில்தான் முடிவடைகிறது. மேற்கே கழுவேலி என்னும் பரந்த ஏரி. உவர்நீரும் நன்னீரும் கலக்கும் அவ்வேரி 2021 ஆம் ஆண்டில் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. ஊருக்குள் பூமீசுவரர் திருக்கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. ஆயினும் இவ்வூரின் பழமை சோழர் காலத்தோடு நிற்பதன்று.

கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில், எகிப்தில் வாழ்ந்த, கிரேக்க மொழி பேசிய வணிகர் ஒருவர், செங்கடலிலிருந்து இந்தியக் கரை வரையுள்ள துறைமுகங்களைப் பற்றி ஒரு வழிகாட்டி எழுதினார். எழுதியவர் பெயர் மறைந்துவிட்டது. நூல் மட்டும் ‘பெரிப்ளூஸ்’ என்ற பெயரால் நிலைத்தது. அதில் நம் கீழைக் கரையின் மூன்று அங்காடித் துறைகள் அடுத்தடுத்துக் குறிக்கப்படுகின்றன: கமரா, பொதுகே, சோபட்மா. கமரா என்பது காவிரிப்பூம்பட்டினம் என்றும், பொதுகே என்பது புதுச்சேரிப் பக்கம் என்றும், சோபட்மா என்பது மரக்காணம் என்றும் ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். ‘சோ’ என்ற தமிழ்ச் சொல்லுக்கு அரண் என்பது பொருள். ஆகவே சோபட்மா என்பது அரண் சூழ்ந்த பட்டினம். இனிச் சங்க நூலைத் திருப்புங்கள். ஓய்மாநாட்டு நல்லியக்கோடன் ஆட்சியில் ‘எயிற்பட்டினம்’ என்றொரு கடற்கரை ஊர் இருந்ததாகச் சிறுபாணாற்றுப்படை கூறுகிறது. எயில் என்றாலும் அரண்தான். கிரேக்கன் காதில் ஒரு சொல்லாகவும், புலவன் வாயில் ஒரு சொல்லாகவும் ஒரே ஊர் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்பது அறிஞர் கருத்து. ஒலியும் பொருளும் ஊரின் கிடக்கையும் ஒத்து வருவதால் நானும் அதனையே ஏற்கிறேன்.

அந்தச் சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை; மரக்காணத்துக்குச் சற்று வடக்கே, கடலுக்கும் கழிக்கும் இடையே, இன்றும் அதே பெயரோடு இருக்கிறது. எனவே புலவர் அயலூரார் அல்லர், உப்பங்காற்றில் வளர்ந்தவர். எயிற்பட்டினத்துக்குச் செல்லும் பாணனுக்கு அங்கே என்ன கிடைக்கும் என்று அவர் சொல்வதைக் கேளுங்கள். கடல் அலை மணமுள்ள மரக்கட்டைகளைக் கரையில் கொண்டுவந்து ஒதுக்கியிருக்கும். அவை ஒட்டகங்கள் படுத்து உறங்குவது போலக் காணப்படும். அக்கட்டைகளை விறகாக்கி நெருப்பு மூட்டி, நுளையர் குலப் பெண் ஒருத்தி பழையதாகி முதிர்ந்த தேறலை அரித்துத் தெளிவாக்குவாள். பரதவர் அதனைப் பாணனுக்கு ஊட்டுவர். சுட்ட குழல்மீனும் உடன் கொடுப்பர். அப்பெண்ணின் முகத்தைக் கண்டு திங்களும் ஏங்கும் என்கிறார் புலவர்.

இதில் இரண்டு செய்திகளை மனத்தில் இருத்துங்கள். ஒன்று, இக்கரையில் மது வடித்தல் வீட்டுத் தொழிலாக, பெண்ணின் கைத்தொழிலாக இருந்தது. மற்றொன்று, ஒட்டகம். கழியும் கடலுமான இந்நாட்டில் ஒட்டகம் ஏது? ‘ஐயா, புலவர் ஒட்டகத்தை எங்கே பார்த்தார்?’ என்று என் வகுப்பில் பல ஆண்டுகள் பல மாணவர்கள் கேட்டதுண்டு. விலங்கினங்கள் வடக்கிலிருந்து வணிகச் சாத்தோடு வந்திருக்கலாம் என்பேன். ஆனால் ஒட்டகத்துக்கும் இக்கரையின் மதுவுக்கும் உண்மையிலேயே ஒரு தொடர்பு இருந்தது. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

எயிற்பட்டினத்துப் பெண் வடித்த தேறல் பாட்டில் மட்டும் இருக்கிறது. மண்ணில் கிடைத்த மதுவோ வேறு நாட்டுக்குரியது.

மரக்காணத்திலிருந்து தெற்கே கடலோரமாகப் புதுச்சேரியைக் கடந்து சென்றால் அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேடு என்னும் மேடு உள்ளது. 1937 வாக்கில் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேல் அங்கே கிடைத்த மணிகளையும் கற்களையும் கண்டு அதன் பழமையை உணர்ந்தார். 1944 ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராகப் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தார். அங்கே ஓர் அலமாரியில், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் உடைந்த மட்பாண்டம் கிடந்தது. நீண்ட கழுத்து, இரு புறமும் கைப்பிடி. அதுவே மத்தியதரைக் கடல் நாடுகளில் மதுவும் எண்ணெயும் ஏற்றிச் செல்லும் ‘ஆம்போரா’ என்னும் சாடியின் துண்டு. வீலர் உடனே புதுச்சேரிக்கு விரைந்தார். 1945 இல் அகழ்ந்தார். பின் 1947 முதல் 1950 வரை கசால் என்ற பிரெஞ்சு அறிஞரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்ற அம்மையாரும் அங்கே ஆய்வு நடத்தினர்.

சாடித் துண்டுகள் ஊமைகள் என்று எண்ணாதீர்கள். இச்சாடிகளைத் தம் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த எலிசபெத் வில் என்ற அமெரிக்க அறிஞர் அரிக்கமேட்டுத் துண்டுகளையும் பார்த்தார். கைப்பிடி ஒன்று, இரண்டு கோல்களை ஒட்டவைத்தது போல் இருந்தால் அது கோஸ் தீவின் வகை என்று அறியலாம். மருத்துவத்தின் தந்தை எனப்படும் இப்போகிராட்டஸ் பிறந்த கோஸ் தீவுதான் அது. அரிக்கமேட்டில் கோஸ் தீவின் வகைச் சாடிகள் மிகுதி. இன்னும் ஒரு வேடிக்கை. கோஸ் தீவின் மதுவுக்கு இருந்த நற்பெயரைக் கண்டு, இத்தாலியின் கம்பேனியா நாட்டார் அதே வடிவச் சாடியைத் தாமும் வனைந்து, அதில் தம் மதுவை நிரப்பி அனுப்பினர். அப்படிப்பட்டவையும் அரிக்கமேட்டில் கிடைத்துள்ளன. பிறர் பெயரில் சரக்கு விற்கும் கலை இன்று நேற்றுத் தோன்றியதன்று.

கோஸ் மதுவின் தனித்தன்மை என்ன தெரியுமா? அதில் கடல்நீர் கலந்திருக்கும். ரோமானிய அறிஞர் பிளினி இதற்கு ஒரு கதை சொல்கிறார். அடிமை ஒருவன், ஒப்படைக்க வேண்டிய அளவு குறைந்துவிட்டபோது கடல்நீரை ஊற்றி நிரப்பினானாம். அது சுவையாகவும் கெடாமலும் இருக்கவே, அதுவே வழக்கமாயிற்றாம். கதையின் உண்மை எப்படியாயினும், முறை உண்மை. கேட்டோ என்ற ரோமானியர் கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே கோஸ் முறை மது செய்வதற்குக் கரையிலிருந்து நெடுந்தொலைவு சென்று தெளிந்த கடல்நீரை எடுத்துவர வேண்டும் என்று விளக்கியுள்ளார். உப்பு பொருளைக் காக்கும் என்பதை மீன் உலர்த்தும் எவரும் அறிவர். நம் கரையில் கடல்நீரைப் பாத்தியில் ஏற்றி நீரைப் போக்கி உப்பை வைத்துக்கொண்டோம். அவர்கள் கடல்நீரோடு உப்பையும் மதுவில் ஏற்றினர். அந்த உப்பு மது இந்த உப்பங்கரைக்கு வந்து இறங்கியது.

இனி, அந்த மதுவை விளைவித்தவர் யார் என்று பார்ப்போம். இங்கேதான் சாடிகள் மிக நன்றாகப் பேசுகின்றன. சுடுவதற்கு முன் ஈரக் களிமண்ணில் முத்திரை குத்துவது அவர்கள் வழக்கம். முத்திரையில் குடும்பப் பெயர் இருக்கும். கம்பேனியாவில் வெசூவியஸ் எரிமலையின் அடிவாரத்தில் பொம்பெயி என்னும் நகரம் இருந்தது. அங்கே யூமாக்கியஸ் என்ற குடும்பத்தாரின் பெயர் மதுச் சாடிகளிலும் ஓடுகளிலும் காணப்படுகிறது. அக்குடும்பத்து மகள் யூமாக்கியா நகரத்தின் பூசாரிணியாக இருந்து, பொதுச் சதுக்கத்தில் பெருங்கட்டடம் ஒன்றை எழுப்பினாள்; துணி வெளுப்போர் குழு அவளுக்குச் சிலை வைத்தது. அவர்கள் முத்திரையிட்ட சாடி நம் கரைக்கு வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நம் கரைக்கு வந்த கம்பேனியச் சாடிகளை அனுப்பியவர்கள் இத்தகைய குடும்பத்தினர் என்பதே நான் சொல்வது.

கி.பி. 79 இல் வெசூவியஸ் வெடித்தது. சாம்பல் மூடியது. மக்களுக்கு அது பேரழிவு. ஆனால் வேளாண்மை வரலாற்றை அச்சாம்பல் காத்துத் தந்தது. திராட்சை வேர்கள் மக்கிப் போன இடத்தில் மண்ணுக்குள் வெற்றிடம் எஞ்சியது. வில்ஹெல்மினா ஜாஷெம்ஸ்கி என்ற அம்மையார் 1960களில் அவ்வெற்றிடங்களில் சிமெண்டை ஊற்றி வேர்களின் வார்ப்பை எடுத்தார். நகர மதிலுக்குள்ளேயே, அரங்கத்துக்கு அருகில், 2000க்கு மேற்பட்ட கொடிகள் வரிசை வரிசையாக நின்ற தோட்டம் ஒன்று வெளிப்பட்டது. கொடிகளுக்கு இடையே மரங்களும் நின்றன. அத்தோட்டத்திலேயே பழம் பிழியும் அறையும், மது நொதிக்க மண்ணில் புதைத்த பெருந்தாழிகளும் இருந்தன. நகருக்கு வடக்கே போஸ்கோரியாலே என்னும் இடத்தில் வெளிப்பட்ட மற்றொரு சிறு பண்ணையில் 18 தாழிகள் புதைந்திருந்தன. ஏறத்தாழ 10,000 லிட்டர் கொள்ளும். அது பெருஞ்செல்வர் மாளிகையன்று. ஓர் இல்லத்தார் இருந்து நடத்தக்கூடிய அளவான பண்ணை.

மது எவ்வாறு சிவக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நன்று. கருந்திராட்சையைப் பிழிந்தாலும் பெரும்பாலும் சாறு வெளிறியே இருக்கும். நிறம் தோலில் இருக்கிறது. மிதித்த பழத்தைத் தோலோடும் விதையோடும் தாழியில் நொதிக்க விட்டால், தோலின் நிறமும் துவர்ப்பும் சாற்றில் இறங்கும். தோலின் மேல் படிந்த நுண்ணுயிரான ஈசுட்டு, சாற்றின் சர்க்கரையை உண்டு சாராயப் பொருளாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். தோலை முன்னரே நீக்கிவிட்டால் வெண்மது, நீக்காவிட்டால் செம்மது. பிளினி மதுவின் நிறங்களை வெண்மை, பழுப்பு, குருதிச் செம்மை, கருமை என நான்காகப் பகுத்தார்.

நிலத்தின் வளம் குன்றாமல் கொடி வளர்ப்பது எப்படி என்று அக்காலத்திலேயே நூல்கள் எழுதினர். ஸ்பெயின் நாட்டுக் காதிஸ் நகரில் பிறந்த கொலுமெல்லா என்பவர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய வேளாண்மை நூல் இன்றும் படிக்கத் தக்கது. லூப்பின் என்ற பயறு வகையை விதைத்து, மடக்கி உழுதால் மண்ணுக்கு உரமாகும் என்கிறார். நம் உழவர் கொளுஞ்சியும் சணப்பும் விதைத்து மடக்கி உழுவது இதே முறைதான். உயிருள்ள எல்ம் மரத்தின் மேல் கொடியை ஏற்றுவர். மரத்தின் தழை ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாகும். மாட்டின் எரு கொடிக்குப் போகும். எதுவும் வீணாவதில்லை.

ஆனால் ஒன்றை மறைத்தல் வரலாறு ஆகாது. சாடியில் குடும்பப் பெயர் இருக்கிறது. கொடியை வெட்டியவன் பெயர் இல்லை. திராட்சைத் தோட்டங்களில் பெரும்பாலும் விலங்கிட்ட அடிமைகளே வேலை செய்தனர் என்று அதே கொலுமெல்லா தயக்கமின்றி எழுதுகிறார். நோயுற்ற அடிமையையும் மூத்த அடிமையையும் கிழட்டு எருதோடு சேர்த்து விற்றுவிடு என்பது கேட்டோவின் அறிவுரை. எயிற்பட்டினத்துப் பெண் தன் கரையில், தன் நெருப்பில் வடித்தாள். அவள் முகத்தைப் புலவர் பாடினார். ரோமானிய மதுவைப் புகழ்ந்தவர் பலர். அதற்காக உழைத்தவன் முகத்தைப் பாடியவரை நான் படித்ததில்லை.

சரக்கு வந்த வழியைக் காண்போம். ஒரு சாடியில் ஏறத்தாழ 26 லிட்டர் கொள்ளும். உட்புறம் பைன் மரப் பிசினைப் பூசியிருப்பர். மது கசியாது, கெடுவதும் குறையும். கப்பலில் அலெக்சாந்திரியா வந்து, நைல் ஆற்றில் தெற்கே கோப்தோஸ் என்ற நகர் வரை படகில் ஏற்றுவர். அங்கிருந்து செங்கடல் துறைமுகமான பெரனிகேக்குப் பாலைவன வழி. பிளினி கணக்குப்படி 12 நாள் பயணம். வெயிலுக்கு அஞ்சி இரவில்தான் நடை. சுமப்பவை ஒட்டகங்கள்!

முன்னர்ச் சொன்ன தொடர்பு இதுவே. கோப்தோஸில் நிக்கானோர் என்பவரின் குடும்பத்தார் ஒட்டகச் சுமை வணிகம் நடத்தினர். அவர்கள் கொடுத்து வாங்கிய பற்றுச் சீட்டுகள் ஓட்டுத் துண்டுகளில் எழுதப்பட்டு இன்றும் உள்ளன. பெரனிகேயில் கிடைத்த சுங்கச் சீட்டுகளில் இத்தாலிய மது, லாவோதிக்கேயா மது என வகை குறிக்கப்பட்டிருக்கிறது. இத்தாலியில் பெத்தீசியஸ் என்ற வணிகக் குடும்பம் ஒன்று இருந்தது. அக்குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் இப்பாலைவழிப் பாறை ஒன்றில் தம் பெயரைப் பொறித்துச் சென்றார். அவர்கள் ஊரில் உள்ள கல்லறைச் சிற்பத்தில் ஓர் ஒட்டகம் சாடிகளைச் சுமந்து நிற்கிறது. தோட்டமும் குடும்பத்தது, சாடியும் குடும்பத்தது, ஒட்டகமும் குடும்பத்தது என்றிருந்த காலம் அது.

செங்கடலில் சூலைத் திங்களில் பாய் விரித்தால், தென்மேற்குப் பருவக்காற்று முசிறிக் கரைக்குத் தள்ளிவரும். அரபுக் கரையின் முனையிலிருந்து 40 நாள் என்கிறார் பிளினி. யவனர் கலங்கள் எல்லாம் குமரியைச் சுற்றி நம் கரைக்கு வந்தன என்று எண்ணிவிடாதீர்கள். எகிப்திலிருந்து மேலைக் கரையில் இறங்கும் சரக்குகளில் பெரும்பாலானவை கீழைக் கரைத் துறைகளையும் வந்தடையும் என்றும், அங்கே உள்நாட்டுக் கலங்கள் கரையோரமாக ஓடும் என்றும் பெரிப்ளூஸ் கூறுகிறது. கடைசிக் கட்டத்தில் சாடியை ஏற்றி இறக்கிய கைகளில் தமிழர் கைகளும் இருந்தன.

யார் குடித்தார்கள்? புறநானூற்றின் 56 ஆம் பாட்டில் நக்கீரனார், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்ற பாண்டியனை வாழ்த்துகிறார். யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை, பொற்கலத்தில் மகளிர் ஏந்தித் தர, நாளும் உண்டு மகிழ்வாயாக என்பது வாழ்த்து. யவனர் ‘கலம்’ தந்தது என்ற இடத்தில், கலம் என்றால் கப்பலா, சாடியா என்று உரைகாண்போர் இரு வகையாகப் பேசுவர். தமிழில் அச்சொல் இரண்டுக்கும் பொது. அரிக்கமேட்டுச் சாடிகளைப் பார்த்த பின் எனக்குச் சாடி என்ற பொருளே இனிக்கிறது.

பெருமைப்படும்போது அளவு தவறக் கூடாது. மேடைகளில் சிலர், தமிழகமெங்கும் யவன மது ஆறாய் ஓடியது போலப் பேசுகின்றனர். பெரிப்ளூஸோ, முசிறிக்கு மது வருகிறது, ஆனால் மிகுதியில்லை என்றே சொல்கிறது. வீலர் அரிக்கமேட்டை யவனர் அமைத்த வணிகக் குடியிருப்பாகவே கண்டார். பெக்லி அம்மையாரின் ஆய்வு அதனை மாற்றியது. யவனப் பொருள் வருமுன்பே அங்கே மக்கள் வாழ்ந்தனர். அவ்வணிகம் தளர்ந்த பின்பும் வாழ்ந்தனர். ஊர் நம்முடையது, யவனர் வந்து சென்றவர். இன்னொரு திருத்தமும் உண்டு. இந்தியாவில் கிடைத்து ரோமானியச் சாடி என்று பெயரிடப்பட்டவற்றுள் பல, பாரசீக வளைகுடாப் பக்கத்திலிருந்து வந்த, உள்ளே நிலக்கீல் பூசிய வேறு வகைச் சாடிகள் என்று ரொபெர்த்தா தோம்பர் என்ற அறிஞர் காட்டினார். இத்தகைய திருத்தங்களால் நம் பெருமை குறைவதில்லை. நாம் சொல்வது நம்பத் தக்கதாகிறது.

மரக்காணத்துக்கு வடக்கே, பாலாற்றின் முகத்துவாரத்துக்கு அருகில் வசவசமுத்திரம் என்ற சிற்றூர் இருக்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1969-70 இல் அங்கே அகழ்ந்தது. உறைகிணறுகளோடு, அடி கூம்பிய சாடிகளும் கிடைத்தன. யவனர் சாடியின் சாயலில் உள்ளூர்க் குயவர் வனைந்தவை அவற்றுள் உண்டு. கோஸ் தீவின் சாடியைக் கம்பேனியர் பார்த்துச் செய்தனர். கம்பேனியர் சாடியை நம் குயவர் பார்த்துச் செய்தனர். எதை நிரப்பினார்களோ, வடிவம் மட்டும் கடல் கடந்து குடியேறியது.

இவ்வளவையும் படித்த பின் எனக்கு ஓர் எண்ணம் தோன்றுவதுண்டு. ஏன் யவனர் மதுவுக்கு இத்தனை சான்று, நம் தேறலுக்குச் சில பாட்டு அடிகள் மட்டும்? திராட்சை மது தக்கபடி அடைத்தால் ஆண்டுகள் தாங்கும். ஆகவே பயணம் செய்தது. பயணத்துக்குச் சாடி வேண்டும், சாடிக்கு முத்திரை வேண்டும், துறைக்குத் துறை சீட்டு வேண்டும். பனங்கள்ளோ இறக்கிய நாளிலேயே புளிக்கத் தொடங்கும். இறக்கிய ஊரிலேயே பருக வேண்டியது. அதற்குச் சீட்டும் முத்திரையும் எதற்கு? உப்பின் கதையும் இதுவே. உமணர் வண்டி வண்டியாக உள்நாட்டுக்கு உப்பைக் கொண்டு சென்றதைச் சங்கப் பாட்டுகள் பேசுகின்றன. அகழ்வாரைக்கு ஒரு கல் உப்பாவது கிடைக்குமா? மழையில் கரைந்தது, சோற்றில் கரைந்தது. எனவே, ஓர் ஊரில் எது மிகுதியாகக் கிடைத்தது என்பதைக் கொண்டே அவ்வூரின் வாழ்வு எது என்று முடிவு கட்டுதல் கூடாது. சாடி எஞ்சியதால் யவனர் பெரியராகவும், உப்பு கரைந்ததால் உமணர் சிறியராகவும் தோன்றுவது காலத்தின் மயக்கம்.

எகிப்துக் கரையிலும் இதற்கு ஒரு மறுமொழி கிடைத்திருக்கிறது. செங்கடல் துறையான குசேர் அல் காதிமில் கிடைத்த சாடித் துண்டு ஒன்றில் தமிழ் பிராமி எழுத்தில் எழுதியிருப்பதைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் ‘பானை ஒறி’ என்று படித்தார். ஒறி என்பது உறி. பானையைத் தொங்கவிடும் கயிற்று உறிதான். மன்னன் பெயரன்று, தெய்வத்தின் பெயரன்று. அடுக்களையில் வழங்கும் ஒரு சொல் இரண்டாயிரம் ஆண்டு காத்திருந்தது.

யவன வணிகம் பின்னர்த் தளர்ந்தது. திராட்சைக் கொடி தமிழ்நாட்டில் நிலைகொண்ட கதை வேறு. 1832 ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்ததாகக் கூறப்படும் கருந்திராட்சை வகை, இன்று கம்பம் பள்ளத்தாக்கில் ‘பன்னீர் திராட்சை’ என்ற பெயரோடு ஆண்டு முழுதும் விளைகிறது. 2023 இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரும்பாலும் அது உண்ணும் பழமாகவே சந்தைக்குப் போகிறது. மதுவுக்கென்றே கொடி வளர்க்கும் பண்ணையைக் காண வேண்டுமாயின் கருநாடகத்துக்குச் செல்ல வேண்டும். நந்தி மலையடிவாரத்தில் கன்வல் குரோவர் என்பவர் தம் குடும்பத்தாரோடு 1988 இல் பிரெஞ்சு வகைக் கொடிகளை வைத்து நிறுவிய மதுப் பண்ணை, செம்மதுவுக்குப் பெயர் பெற்றது. நம் நாட்டில் கொடி உறங்குவதற்குப் பனிக்காலம் இல்லை. ஆகவே ஆண்டுக்கு இரு முறை கவாத்து செய்து, ஒரு முறை மட்டும் பழம் எடுப்பர். வரிசைகளுக்கு இடையே பயறு விதைத்து மண்ணைக் காக்கும் முறை இப்பொழுது உலகெங்கும் மதுப் பண்ணைகளில் மீண்டும் பேசப்படுகிறது. கொலுமெல்லா கேட்டால் புன்னகை புரிவார்.

நம் மாநிலத்தில் மதுவின் வரலாறு பெரும்பாலும் சட்டத்தின் வரலாறு. 1937 இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948 இல் அது சென்னை மாகாணம் முழுதும் பரவியது. 1971 இல் நிறுத்திவைக்கப்பட்டது. பின் மாறி மாறி வந்தது. 1987 முதல் கள் இறக்கி விற்பது தடுக்கப்பட்டிருக்கிறது. ஆலையில் வடித்த சரக்கை அரசின் வாணிபக் கழகமே விற்கிறது. எயிற்பட்டினத்துப் பெண் இன்று அடுப்பை மூட்டினால் குற்றவாளி ஆவாள். இதில் எது முறை என்று உங்களிடம் வாதிட நான் வரவில்லை. மாணவராகிய உங்களுக்கு எந்த மதுவும் வேண்டா என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை.

2023 மே மாதத்தில் அதே மரக்காணக் கரையில், எக்கியார்குப்பம் என்னும் மீனவர் ஊரிலும் சுற்றிலும், கள்ளச்சாராயம் குடித்துப் பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதில் இருந்தது ஆலைகளில் பயன்படும் மெத்தனால். நாவுக்கு அது வேறுபாடு காட்டாது. உடலுக்குள் சென்றபின் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை முதலில் தாக்கும். மூச்சு பின்னர் நிற்கும். அந்தக் குப்பத்துக்குச் சற்றுத் தெற்கே, அரிக்கமேட்டில், இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட ஒரு சாடிக் கைப்பிடியை எடுத்து, அது எந்தக் கரையின் களிமண், எந்த நாட்டு மது என்று அறிஞர்கள் சொல்லிவிட்டார்கள். எக்கியார்குப்பத்தில் விற்ற சரக்கில் எந்த முத்திரையும் இல்லை. அது எந்த ஆலையிலிருந்து, எவர் கைமாறி அவ்வூருக்கு வந்தது என்பதைக் கண்டறியக் காவல்துறை சென்னை வரைக்கும் செல்ல வேண்டியிருந்தது.